தகயாமா விடுதியில் குழு விருந்து: பழக்கமில்லாத ஜப்பானிய உணவை எப்படி அணுகுவது?

கேள்வி: பொன்னி

அனைவருக்கும் வணக்கம். நான் பணிபுரியும் நெசவு இயந்திர நிறுவனத்திலிருந்து ஒரு சிறு குழு வரும் நவம்பரில் நகோயாவுக்குச் செல்கிறது. அங்குள்ள கூட்டாளி நிறுவனத்தார், ஆலையைப் பார்வையிட்டு முடித்ததும் எங்களைக் கிஃபு மாகாணத்து மலைநகரான தகயாமாவுக்கு அழைத்துச் சென்று, வெந்நீர் ஊற்று விடுதி ஒன்றில் ஓரிரவு தங்கவைத்து, இரு நிறுவனத்தாரும் ஒன்றாக அமர்ந்து உண்ணும் மாலை விருந்துக்கு ஏற்பாடு செய்திருக்கிறார்கள். விருந்தின் உணவுப் பட்டியலையும் அன்போடு முன்கூட்டியே அனுப்பியிருக்கிறார்கள்.

அந்தப் பட்டியலைப் படித்தபோதுதான் எனக்குத் தயக்கம் ஏற்பட்டது. பச்சை மீன் துண்டுகள், மூடியிட்ட கிண்ணத்தில் தெளிந்த சூப், ஆவியில் வேகவைத்த முட்டை, உப்பில் சுட்ட ஆற்று மீன், இலையின்மேல் மிசோ என்னும் புளித்த சோயா விழுதோடு வாட்டிய மாட்டிறைச்சி, கடல் அட்டையின் குடலை உப்பிலிட்டுப் புளிக்கவைத்த ஒரு பண்டம் என்று அது நீள்கிறது. நான் மீன், கோழி, ஆட்டிறைச்சி உண்பேன், மாட்டிறைச்சி உண்பதில்லை, பச்சை மீனை இதுவரை வாயில் வைத்ததில்லை. எங்கள் குழுவில் இருவர் பிறவியிலிருந்தே சைவ உணவு உண்பவர்கள். அவர்களில் ஒருவர் வெங்காயமும் பூண்டும்கூடச் சேர்த்துக்கொள்ளமாட்டார். இன்னொருவருக்கு இறால் ஒத்துக்கொள்ளாது.

அறையில் தனியாக அமர்ந்து ஊரிலிருந்து கொண்டுபோன புளியோதரைப் பொடியைச் சோற்றில் பிசைந்து உண்டுவிட்டு, விருந்தில் பெயருக்கு உட்கார்ந்திருப்பதில் எனக்குச் சிறிதும் விருப்பமில்லை. அவ்வளவு தொலைவு சென்று, நம்மை மதித்து அழைத்தவர்களோடு ஒரே கூடத்தில் அமரும்போது, அவர்கள் உணவை உண்மையாகவே அறிந்து உண்ண வேண்டும் என்று விரும்புகிறேன். எனவே மூன்று கேள்விகள். பட்டியலில் உள்ள எல்லாவற்றையும் சுவைத்துப் பார்ப்பது அவசியமா? பிடிக்காததைத் தட்டில் விட்டுவிட்டால் அவமதிப்பாக எடுத்துக்கொள்வார்களா? நாங்கள் முன்கூட்டியே எதை, யாரிடம், எப்படித் தெரிவிக்க வேண்டும்?

பதில்: வெண்ணாறு

பொன்னி அவர்களுக்கு வணக்கம். நான் பல ஆண்டுகளாக நகோயாவில் வசிக்கிறேன். ஊரிலிருந்து வரும் குழுக்களோடு இத்தகைய விருந்துகளில் அமரும் வாய்ப்பு அடிக்கடி கிடைக்கிறது. உங்கள் மூன்றாவது கேள்விதான் எல்லாவற்றிலும் முக்கியமானது என்பதால் அதிலிருந்தே தொடங்குகிறேன்.

இத்தகைய விடுதிகளில் பரிமாறப்படும் வரிசை விருந்தைக் கைசெகி என்பார்கள். நடுவில் பெரிய பாத்திரங்களை வைத்து, வேண்டியதை எடுத்துக்கொண்டு வேண்டாததை விட்டுவிடும் விருந்து அன்று இது. ஒவ்வொருவருக்கும் தனித்தனித் தட்டுகளிலும் கிண்ணங்களிலும் அளவாக அடுக்கப்பட்டு, ஒன்றன்பின் ஒன்றாக உணவு வரும். சமையலறையினர் ஆள்கணக்குப் பார்த்துத்தான் மீனும் இறைச்சியும் வாங்குகிறார்கள். அன்று மாலை கூடத்தில் அமர்ந்தபின் மாட்டிறைச்சி வேண்டாம் என்று சொன்னால் அதை எடுத்துக்கொண்டு போவதைத் தவிர அவர்களால் வேறெதுவும் செய்ய இயலாது. ஒரு வாரத்துக்கு முன்பே தெரிவித்துவிட்டால் அதே இடத்தில் மீனையோ கோழியையோ அதே அழகோடு வைத்துத் தருவார்கள். உங்கள் குழுவினர் ஒவ்வொருவரும் உண்ணாதவற்றைப் பெயர்வாரியாக ஒரே தாளில் எழுதி, கூட்டாளி நிறுவனத்தில் இந்தப் பயணத்தைக் கவனித்துக்கொள்பவரிடம் கொடுத்துவிடுங்கள். அவரே விடுதிக்குத் தொலைபேசியில் சொல்லிவிடுவார். முன்கூட்டியே சொல்வதை இங்கே யாரும் தொல்லையாகக் கருதமாட்டார்கள். கடைசி நேரத்தில் சொல்வதுதான் அவர்களைச் சங்கடப்படுத்தும், ஏனென்றால் விருந்தினருக்கு ஒன்றும் தர முடியாமல் போய்விட்டதே என்று சமையற்காரர் உண்மையிலேயே வருந்துவார்.

மாட்டிறைச்சியைப் பொறுத்தவரை ஒரு சொல் கூடுதலாகச் சொல்ல வேண்டும். தகயாமா அமைந்திருக்கும் ஹிடா வட்டாரம் தன் மாட்டிறைச்சிக்காகவே ஜப்பான் முழுவதும் பெயர்பெற்றது. வெளியூர் விருந்தினருக்கு அதைப் பரிமாறுவது அவர்களுக்குப் பெருமை. ஆகவே நீங்கள் ஒன்றும் சொல்லாவிட்டால் அது கட்டாயம் உங்கள் முன் வரும். மறுப்பதற்குக் கூச்சப்பட வேண்டாம். 675-ஆம் ஆண்டில் பேரரசர் தென்மு மாடு, குதிரை, நாய், குரங்கு, கோழி ஆகியவற்றின் இறைச்சியை உண்பதற்குத் தடை விதித்தார். அதன்பின் பல நூற்றாண்டுகள் மாட்டிறைச்சி பொதுவழக்கில் இல்லாமலே இருந்து, 1872-இல் பேரரசர் மெய்ஜி அதை உண்டார் என்ற செய்தி வெளியான பிறகுதான் பரவலாயிற்று. சமய வழக்கத்தால் உண்பதில்லை என்று ஒரு வரி சொன்னால் போதும், புரிந்துகொள்வார்கள்.

இனி விருந்துக் கூடத்துக்கு வருவோம். மாலை ஆறு, ஆறரை மணிக்கே விருந்து தொடங்கிவிடும். வெந்நீரில் குளித்துவிட்டு, விடுதி தரும் யுகாதா என்னும் பருத்தி அங்கியோடே கூடத்துக்கு வருவது வழக்கம்; இடப்பக்கம் மேலே வருமாறு உடுத்திக்கொள்ளுங்கள், ஏனெனில் வலப்பக்கம் மேலே வருமாறு உடுத்துவது இறந்தவர்களுக்கு. ஈரத் துணி ஒன்று தருவார்கள். அது கைகளைத் துடைப்பதற்கு மட்டுமே. எல்லோருக்கும் பானம் வந்து சேர்ந்து, ஒருவர் எழுந்து சில சொற்கள் பேசி, எல்லோரும் கிண்ணத்தை உயர்த்திய பிறகே குடிக்கத் தொடங்க வேண்டும். மது அருந்தாதவர்கள் ஊலாங் தேநீர் கேட்டுப் பெறலாம்.

பழக்கமில்லாத நாக்குக்கு எது நல்ல வாயில் என்று என்னைக் கேட்டால், தயங்காமல் மூடியிட்ட கிண்ணத்து சூப்பைத்தான் சொல்வேன். அரக்குப் பூசிய மரக்கிண்ணத்தில் கொதிக்கும் சாறு ஊற்றப்பட்டிருப்பதால், உள்ளே ஆவி குளிர்ந்து மூடி இறுகிப் பிடித்துக்கொள்ளும். பலர் அதை இழுத்து இழுத்துப் பார்த்துச் சாற்றைக் கொட்டிவிடுகிறார்கள். ஒரு கையால் கிண்ணத்தின் விளிம்புக்குச் சற்றுக் கீழே இருபுறமும் மெல்ல அழுத்துங்கள். மரம் சிறிது நெளிந்து காற்று உள்ளே புகும். மூடி தானாகவே விடுபடும். அதைச் சற்றுச் சாய்த்து, உட்புறத்து நீர்த்துளிகள் கிண்ணத்துக்குள்ளேயே வடியவிட்டு, மல்லாத்திப் பக்கத்தில் வையுங்கள். யூசு என்னும் எலுமிச்சை வகையின் தோலில் நகத்தளவு ஒரு துண்டு மேலே மிதக்கும். முதலில் வருவது அதன் மணம்தான். கிண்ணத்தை இரு கைகளாலும் தூக்கி அப்படியே ஒரு வாய் அருந்துங்கள். காரமோ புளிப்போ இல்லாத அந்தச் சாறு முதல் வாயில் ஒன்றுமே இல்லாததுபோல் தோன்றும். மூன்றாவது வாயில் அதற்குள் எவ்வளவு இருக்கிறது என்பது தெரியவரும். இந்தச் சாறுதான் அன்று வரப்போகும் பண்டங்களில் பாதிக்கு அடிப்படை. இதன் சுவை நாக்குக்குப் பழகிவிட்டால், பிறகு வரும் கிழங்கு வேக்காடும் ஆவியில் வெந்த முட்டையும் அந்நியமாகத் தெரியாது.

ஆவியில் வெந்த அந்த முட்டைக்குச் சவான்முஷி என்று பெயர். முட்டையில் அதே சாற்றைக் கலந்து மூடிய கோப்பையில் வேகவைப்பார்கள்; சிறு கரண்டியோடு வரும்; அடியில் கிங்கோ கொட்டை, இறால், காளான் என்று ஏதேனும் ஒளிந்திருக்கும். இனிப்பு என்று எண்ணி வாயில் வைப்பவர்கள் திகைக்கிறார்கள். உப்புச் சுவை என்று தெரிந்து வைத்தால் அதை மறுக்கும் தமிழரை நான் இதுவரை பார்த்ததில்லை.

பச்சை மீனுக்குத் தயங்குகிறீர்கள் என்பதால் அதையும் விரிவாகச் சொல்கிறேன். வெண்மையான, மென்மையான சுவையுடைய மீன் துண்டிலிருந்து தொடங்குங்கள். செந்நிறச் சூரைவகை மீனுக்குப் பிறகு செல்லுங்கள். கொழுப்பு மிகுந்ததைக் கடைசியில் எடுங்கள். வசாபி என்னும் காரமான பச்சை விழுதைச் சோயா சாற்றில் கரைத்துக் குழப்பாமல், மீன் துண்டின்மேல் சிறு பொட்டாக வைத்து, மறுபக்கத்தை மட்டும் சோயாவில் தொட்டு உண்ணுங்கள். மீனோடு வரும் முள்ளங்கித் துருவலும் ஷிசோ இலையும் அலங்காரத்துக்காக மட்டும் வைக்கப்பட்டவை அல்ல. இரண்டு துண்டுகளுக்கு இடையில் அவற்றைத் தின்றால் வாய் சுத்தமாகும். கணவாய் உங்களுக்கு முதலில் வேண்டாம் என்பது என் கருத்து. அதன் சுவை மென்மையானதுதான், ஆனால் பச்சையாக மெல்லும்போது பல்லில் ஒட்டும் தன்மை புதியவர்களை மிரட்டிவிடுகிறது. நவம்பர் கடைசியில் நீங்கள் சென்றால் தொயாமா வளைகுடாவின் புரி மீன் கிடைக்கக்கூடும். மலைகளுக்கு நடுவே இருக்கும் தகயாமாவுக்குக் குளிர்காலத்தில் உப்பிட்ட புரி மீனை ஆட்கள் சுமந்துவந்த பழைய பாதை இன்றும் அந்த மீனின் பெயராலேயே அழைக்கப்படுகிறது.

உப்பில் சுட்ட ஆற்று மீன் நமக்கு மிக நெருக்கமான உணவு. அதைப் பற்றி அதிகம் சொல்லத் தேவையில்லை. தகயாமாவுக்கே உரிய ஒன்று, காய்ந்த மக்னோலியா இலையை உங்கள் முன்னாலேயே சிறு அடுப்பில் வைத்து, அதன்மேல் மிசோவும் காளானும் வெங்காயத்தாளும் இட்டு வாட்டுவது. மாட்டிறைச்சி இல்லாமலும் அதைச் செய்வார்கள். இறைச்சி இல்லாத வடிவமே எனக்கு அதிகம் பிடிக்கும், ஏனென்றால் இலை கருகும் மணம் அப்போதுதான் மிசோவில் முழுமையாக இறங்குகிறது.

கடல் அட்டைக் குடலுக்கு வருகிறேன். கொனோவாத்தா என்னும் இது ஜப்பானியர்களிலும் பலர் தொடாத பண்டம். கடல் முள்ளெலிச் சினை, மடவைச் சினை ஆகியவற்றோடு சேர்த்து மூன்று பேரரிய பண்டங்களில் ஒன்றாக எண்ணப்படுவது. விரல் நுனியளவு கிண்ணத்தில்தான் வரும். சாக்கே என்னும் அரிசி மது அருந்துபவர்கள் உண்ணும் குச்சியின் நுனியால் ஓர் இழையைத் தொட்டு நாக்கில் வைத்து, ஒரு மிடறு குடித்து, மீண்டும் பேச்சுக்குத் திரும்புவார்கள். அதைக் கவளமாக வாயில் போடுவது எந்த ஜப்பானியரும் செய்யாத செயல். நீங்கள் தொடாமல் விட்டாலும் ஒருவரும் கவனிக்கமாட்டார்கள். அருகில் இருப்பவருக்கு அதில் விருப்பம் இருந்தால் மகிழ்ச்சியோடு வாங்கிக்கொள்வார்.

எனவே, எல்லாவற்றையும் ஒரு முறையாவது சுவைத்துப் பாருங்கள், ஆனால் மிகச் சிறிய அளவில் எடுங்கள் என்பதே என் பரிந்துரை. ஒன்றிரண்டு கிண்ணங்கள் முடிக்கப்படாமல் திரும்பிப் போவது அவமதிப்பு ஆகாது. சூடாக வந்ததை ஆறவிட்டுப் பேசிக்கொண்டே இருப்பதுதான் சமையற்காரரை வருத்தும். சோறு கடைசியில்தான் மிசோ சூப்போடும் ஊறுகாயோடும் வரும் என்பதையும் உங்கள் குழுவினரிடம் சொல்லிவையுங்கள்; தொடக்கத்திலிருந்தே சோற்றை எதிர்பார்த்து ஏமாறுபவர்கள் நம்மில் அதிகம். ஹிடாவின் சிவப்பு டர்னிப் ஊறுகாய் அந்தச் சோற்றோடு மிக நன்றாகப் பொருந்தும். சோற்றின்மேல் சோயா சாற்றை ஊற்றாதீர்கள். குச்சிகளைச் சோற்றில் செங்குத்தாகக் குத்தி நிறுத்தவும் கூடாது, அது இறந்தவர்களுக்குப் படைக்கும் முறை.

பதில்: துளசிமாடம்

வெண்ணாறு அவர்கள் எழுதியது அசைவம் உண்பவர்களுக்கு மிகவும் பயனுள்ளது. சைவர்கள் இருவரைப் பற்றி நான் எழுதுகிறேன், ஏனெனில் அவர் நல்ல வாயில் என்று சொன்ன அந்தத் தெளிந்த சாறுதான் எங்களுக்குப் பூட்டிய கதவு.

அந்தச் சாற்றைத் தாஷி என்பார்கள். கொம்பு என்னும் கடற்பாசியை நீரில் ஊறவைத்துச் சூடாக்கி எடுத்துவிட்டு, கட்சுவோபுஷி என்னும் மீன் சீவலை இட்டு உடனே வடிகட்டுவதுதான் வழக்கமான முறை. கட்சுவோபுஷி என்பது சூரை மீனை வேகவைத்துப் புகையூட்டி உலர்த்தி, பின்னர் பூஞ்சை படரவிட்டுப் பக்குவப்படுத்தியது. இலங்கையிலும் தூத்துக்குடிப் பக்கத்திலும் வழங்கும் மாசியும் இதே சூரை மீனை அவித்துப் புகையூட்டி உலர்த்திச் செய்வதுதான். பூஞ்சைப் பக்குவம் மட்டும் அதில் இல்லை. மாசி சம்பல் உண்டவர்களுக்குத் தாஷியின் மணம் புதியதாக இராது. சைவர்களுக்கோ, கண்ணுக்குத் தெரியாமல் கரைந்திருக்கும் மீன் அது. கீரை வேக்காட்டிலும், டோஃபு என்னும் சோயாப் பால்கட்டியின் மேலும், மிசோ சூப்பிலும், மாவில் தோய்த்துப் பொரித்த காய்கறியான தெம்புராவுக்குத் தொட்டுக்கொள்ளத் தரும் சாற்றிலும் அது இருக்கும். மீன் துண்டு கண்ணில் படாததால் இதில் மீன் இல்லை என்று பரிமாறுபவர் நல்லெண்ணத்தோடே சொல்லிவிடுவார். அவர் பொய் சொல்லவில்லை, தாஷியை மீனாக அவர் எண்ணுவதே இல்லை.

ஆகவே சைவம் என்று பொதுவாக எழுதிக் கொடுக்காதீர்கள். இறைச்சி, மீன், கடலுணவு, மீன் சேர்ந்த தாஷி ஆகிய நான்கும் வேண்டாம் என்று தனித்தனியாக எழுதுங்கள். முட்டையும் பாலும் உண்பார்களா என்பதையும் குறிப்பிடுங்கள். அதற்கும் மேலாக, ஷோஜின் முறையில் சமைத்துத் தர இயலுமா என்று கேளுங்கள். இது பௌத்தத் துறவியரின் உணவுமுறை. இறைச்சியும் மீனும் இல்லை என்பதோடு, மரபான முறையில் வெங்காயம், பூண்டு போன்ற காரமணப் பொருள்களையும் விலக்குவார்கள் என்பதால் உங்கள் குழுவில் உள்ள அந்த ஒருவருக்கு இதைவிடப் பொருத்தமான ஏற்பாடு கிடைக்காது. தகயாமாவில் இத்தகைய உணவைப் பரிமாறும் பழைய உணவகங்கள் இருக்கின்றன. அந்த ஊர்ச் சமையற்காரர்களுக்கு இது அறியாத செய்தி அன்று. விடுதியில் இயலாது என்று சொல்லிவிட்டாலும் அத்தகைய உணவகம் ஒன்றிலிருந்து வரவழைக்க முடியுமா என்று உங்கள் கூட்டாளி நிறுவனத்தாரிடம் கேட்டுப் பார்க்கலாம்.

மீன் இல்லாமல் தாஷிக்குச் சுவை வருமா என்ற ஐயம் வேண்டாம். டோக்கியோவில் வேதியியல் பேராசிரியராக இருந்த இகேதா கிகுனாயே 1908-இல் உமாமி என்னும் ஐந்தாம் அடிப்படைச் சுவைக்குக் காரணமான குளூட்டமேட்டைப் பிரித்தெடுத்தது கொம்புக் கடற்பாசியிலிருந்துதான். கட்சுவோபுஷியில் உள்ள இனோசினேட் அந்தச் சுவையைப் பன்மடங்காக்குகிறது. உலர்ந்த ஷிட்டாக்கே காளானில் உள்ள குவானிலேட்டும் அதே வேலையைச் செய்கிறது. கொம்புவையும் ஷிட்டாக்கேயையும் இரவு முழுதும் குளிர்ந்த நீரில் ஊறவைத்து எடுக்கும் சாறு சற்று அடர்ந்த நிறமும் இனிமையும் கொண்டதாக இருக்கும். பௌத்த ஆலயங்கள் நிறைந்த கோயாசான் மலையின் ஆலய விடுதியில் அந்தச் சாற்றில் வெந்த கோயா டோஃபுவை முதன்முதலாக உண்டபோது, உறையவைத்து உலர்த்திய அந்தச் சதுரத் துண்டைக் கடித்த கணத்தில் உள்ளிருந்து சாறு பெருகி வந்ததை இன்றும் நினைத்துக்கொள்கிறேன். அங்கே தரும் எள் டோஃபுவும் குறிப்பிடத்தக்கது. அதில் சோயா இல்லை; அரைத்த எள்ளையும் குட்சு என்னும் கிழங்கு மாவையும் சேர்த்துக் கிளறிக் கிளறி இறுகவைத்தது. உங்கள் நண்பர்களின் தட்டில் அது வந்தால் நீங்களும் ஒரு துண்டு கேட்டு வாங்கி உண்ணுங்கள்.

பதில்: உப்பளம்

நான் உணவுப் பாதுகாப்புத் துறையில் ஆய்வகப் பணி செய்பவன். எல்லாவற்றையும் ஒரு முறையாவது சுவைத்துப் பார்க்கலாம் என்று வெண்ணாறு ஐயா எழுதியதோடு நான் முழுவதும் உடன்படவில்லை. விடுதி விருந்துக்கு அது பெரும்பாலும் பொருந்தும். விருந்து முடிந்தபின் இளையவர்கள் உங்களை அழைத்துச் செல்லக்கூடிய இரண்டாம் சுற்றுக்கு, அதாவது இசகாயா எனப்படும் மதுக்கடைச் சிற்றுணவகத்துக்கு, அது பொருந்தாது.

கடல் மீனைப் பச்சையாக உண்பதில் உள்ள முக்கிய இடர் அனிசாகிஸ் என்னும் புழு. கானாங்கெளுத்தி, கணவாய், சூரை போன்றவற்றில் அது இருக்கலாம். மைனஸ் 20 டிகிரி செல்சியஸில் 24 மணி நேரம் உறையவைத்தால் அது இறந்துவிடும். வசாபியோ, வினிகரோ, சோயா சாறோ அதைக் கொல்லாது. தேர்ந்த சமையற்காரர்கள் மீனின் குடலை உடனே அகற்றுவதோடு, வெட்டும்போது ஒவ்வொரு துண்டையும் கண்ணால் பார்க்கவும் செய்கிறார்கள் என்பதால் நல்ல விடுதியில் அஞ்ச வேண்டிய அளவுக்கு இது இல்லை. உண்ட சில மணி நேரத்தில் வயிற்றில் கடும் வலி வந்தால் மட்டும் பொறுத்துக்கொண்டிருக்காமல் மருத்துவமனைக்குச் செல்லுங்கள். பச்சை மீன் உண்டதைச் சொன்னால் உள்நோக்கிக் கருவியால் புழுவை எடுத்துவிடுவார்கள். ஆற்று மீனின் ஒட்டுண்ணிகள் வேறு வகையானவை. இயற்கையான ஆற்றில் பிடித்த மீனைப் பச்சையாகத் தந்தால் நான் உண்ணமாட்டேன்; சுட்டதையே உண்பேன்.

கோழி இறைச்சியைப் பச்சையாகவும் அரைவேக்காட்டிலும் உண்ணும் வழக்கம் ககோஷிமா, மியாசாகி ஆகிய தென்பகுதி மாகாணங்களில் உண்டு. பிற ஊர்களின் சில கடைகளிலும் அது கிடைக்கிறது. கேம்பிலோபேக்டர் என்னும் பாக்டீரியாவால் வரும் நோய்க்கு இது ஜப்பானில் முக்கியக் காரணம். எவ்வளவு புதிய கோழியாக இருந்தாலும் இந்த இடர் குறையாது, ஏனெனில் உயிருள்ள கோழியின் குடலிலேயே அந்தப் பாக்டீரியா வாழ்கிறது. பச்சை இறைச்சியின் இடரை ஜப்பானிய அரசே கடுமையாகத்தான் எடுத்துக்கொள்கிறது. 2011-இல் பச்சை மாட்டிறைச்சியால் நேர்ந்த உயிரிழப்புகளுக்குப் பின் விதிகள் இறுக்கப்பட்டு, 2012-இல் மாட்டின் ஈரலைப் பச்சையாக விற்பதற்கே தடை வந்தது. எனவே உபசரிப்புக்காக யார் எவ்வளவு வற்புறுத்தினாலும் பச்சைக் கோழிக்கு மட்டும் உறுதியாக மறுப்புச் சொல்லுங்கள். குழுவில் கருவுற்றிருப்பவர் எவரேனும் இருந்தால் பச்சை மீனையும் பச்சை முட்டையையும் தவிர்ப்பதே நல்லது.

இறால் ஒத்துக்கொள்ளாதவரைப் பற்றித்தான் எனக்கு அதிகக் கவலை. ஜப்பானில் பொட்டலமிட்ட உணவுகளில் இறால், நண்டு, அக்ரூட் எனப்படும் வால்நட், கோதுமை, பக்வீட், முட்டை, பால், வேர்க்கடலை போன்றவற்றைக் கட்டாயம் குறிப்பிட வேண்டும். ஆனால் உணவகங்களில் பரிமாறும் உணவுக்கு இந்தக் கட்டாயம் இல்லை. சவான்முஷியின் அடியில் இறால் இருக்கும். மீன் விழுதில் செய்த கமபோக்கோவில் நண்டோ இறாலோ கலந்திருக்கலாம். தெம்புராவில் காய்கறியையும் இறாலையும் ஒரே எண்ணெயில் பொரிப்பார்கள். ஜப்பான் கடலோரத்தில் நவம்பர் 6 முதல் சுவாய் நண்டுப் பருவம் தொடங்குவதால் உங்கள் விருந்தில் நண்டும் வரக்கூடும். இறால் ஒவ்வாதவர்களில் பலருக்கு நண்டும் ஒவ்வாது. பிடிக்காது என்பதையும் ஒவ்வாமை என்பதையும் ஒரே பட்டியலில் கலந்து எழுதாமல், ஒவ்வாமையைத் தனியே, மூச்சுத் திணறல் வருமா, தோல் தடிப்பு மட்டுமா என்ற விவரத்தோடு ஜப்பானிய மொழியில் எழுதி, விடுதிக்கு ஒரு படியும் அவர் சட்டைப் பையில் ஒரு படியும் இருக்குமாறு செய்யுங்கள். அவருடைய மருந்தும் அவரோடு விருந்துக் கூடத்துக்கே வர வேண்டும்.

பொன்னி

மூவருக்கும் என் மனமார்ந்த நன்றி. நீங்கள் சொன்னபடியே பெயர்வாரியாக எழுதி அனுப்பினோம். இரண்டே நாளில் விடுதியிலிருந்து மறுமொழி வந்துவிட்டது. எனக்கு மாட்டிறைச்சிக்குப் பதிலாக மீனை இலையில் வாட்டித் தருவதாகவும், சைவர்கள் இருவருக்கும் கொம்பு, ஷிட்டாக்கே சாற்றில் ஷோஜின் வரிசையைத் தருவதாகவும், இறால் ஒவ்வாதவருக்குத் தெம்புராவைத் தனி எண்ணெயில் பொரிப்பதாகவும் எழுதியிருக்கிறார்கள். பச்சை மீனை உண்டு பார்ப்பது என்று நானும் முடிவு செய்துவிட்டேன்.

இன்னும் இரண்டு ஐயங்கள் இருக்கின்றன. கூட்டாளி நிறுவனத்தின் மூத்த அலுவலர் மிகுந்த அன்புடையவர். தம் தட்டிலிருந்தே சிறந்த துண்டை எடுத்து விருந்தினருக்குக் கொடுப்பார் என்று முன்பு சென்றுவந்தவர்கள் சொல்கிறார்கள். அது நான் உண்ண விரும்பாத பொருளாக இருந்தால் எப்படி மறுப்பது? மறுநாள் காலை உணவில் நத்தோ இருக்கும் என்றும் எழுதியிருக்கிறார்கள். அதை உண்ணும் முறை என்ன?

பதில்: கொன்றைமலர்

தோழி பொன்னிக்கு வணக்கம். நான் ஜப்பானிய நிறுவனங்களின் கூட்டங்களுக்கு மொழிபெயர்ப்பாளராகச் சென்று வருபவள் என்பதால் இந்த இரண்டுக்கும் என்னால் விடை சொல்ல முடியும்.

அவர் தம் குச்சியால் ஒரு துண்டை எடுத்து நீட்டினால், அதை உங்கள் குச்சியால் வாங்காதீர்கள். எரியூட்டிய பின் எலும்பை இருவர் குச்சியால் பற்றிக் கைமாற்றுவது அவர்களுடைய ஈமச்சடங்கில் உள்ள செயல் என்பதால், உணவை அப்படிக் கைமாற்றுவது கூடத்தில் உள்ள எல்லோரையும் துணுக்குறச் செய்யும். உங்கள் சிறு தட்டை இரு கைகளாலும் ஏந்தி அதில் வாங்கிக்கொள்ளுங்கள். அது மாட்டிறைச்சியாகவோ பச்சைக் கோழியாகவோ இருந்தால் தட்டை நீட்டுவதற்கு முன்பே மறுத்துவிடுங்கள். வாங்கியபின் தட்டில் கிடக்கவிடுவதைவிட அது நல்லது. சுமிமாசென், நிகதே தேசு (மன்னிக்கவும், எனக்கு இது ஒத்துவராது) என்று சற்றுத் தலை தாழ்த்திச் சொன்னால் போதும். குறை உணவில் இல்லை, தனக்குத்தான் அது இயலவில்லை என்ற பணிவு அதில் இருப்பதால் கேட்பவர் மனம் வருந்தாது. சொல்லிவிட்டு அத்தோடு நின்றுவிடாமல், அதுவரை உண்டவற்றில் உங்களுக்கு உண்மையிலேயே பிடித்த ஒன்றைக் குறிப்பிட்டு அதைப் பற்றி அவரிடம் கேளுங்கள். அந்த மீன் எந்த ஆற்றுடையது, அந்த மிசோ எந்த ஊரில் செய்தது என்று நீங்கள் கேட்டால் அவர் முகம் மலர்ந்து பேசத் தொடங்குவதைப் பார்ப்பீர்கள். அரைமணி நேரத்துக்கு அவருக்கு அந்தப் பேச்சே போதும். நீங்கள் மறுத்தது அவர் நினைவில் இருக்காது. அவர் கிண்ணம் காலியாக இருந்தால் நீங்கள் ஊற்றுங்கள். உங்கள் கிண்ணத்தில் அவர் ஊற்றுவார். தன் கிண்ணத்தில் தானே ஊற்றிக்கொள்ளாமல் ஒருவருக்கொருவர் ஊற்றுவதுதான் அங்கே உபசரிப்பின் முறை; தேநீருக்கும் அது பொருந்தும்.

நத்தோ என்பது வேகவைத்த சோயாவைப் பாசிலஸ் என்னும் பாக்டீரியாவால் புளிக்கவைத்தது. நூலாக இழுபடும், கடுமையான மணம் உண்டு, ஜப்பானிலேயே கிழக்குப் பகுதியினர் விரும்பி உண்ணும் அளவுக்கு ஒசாகா பக்கத்தினர் உண்பதில்லை. சிறு கோப்பையில் மூடி வைத்திருப்பார்கள். உண்ண விரும்பினால் முதலில் சோயாக் குழம்பை ஊற்றாமல், குச்சியால் நன்றாகக் கலக்குங்கள். இழைகள் வெண்ணிறமாகி நுரைத்து வரும். அதன்பின் உடன் தரும் கடுகு விழுதையும் வெங்காயத்தாளையும் குழம்பையும் சேர்த்து, சூடான சோற்றின்மேல் ஒரு தேக்கரண்டி அளவு மட்டும் இடுங்கள். தட்டில் உள்ள கடற்பாசித் தாளில் சோற்றையும் நத்தோவையும் சேர்த்துச் சுருட்டி வாயில் வைத்தால் இழை உதட்டிலும் முகவாயிலும் ஒட்டாது. மணமும் பாதியாகக் குறையும். கிண்ணத்தை வாய்க்கு அருகில் தூக்கி வைத்துக்கொண்டு உண்பதும் இழையைத் தவிர்க்க உதவும். உங்கள் சைவ நண்பர்கள் உண்பதானால் உடன் வரும் குழம்பில் மீன் தாஷி இருக்கும் என்பதால் அதை விட்டுவிட்டு, வெறும் சோயா சாறும் கடுகும் சேர்த்துக்கொள்ளட்டும். உண்ண விருப்பமில்லையென்றால் கோப்பையின் மூடியைத் திறக்காமல் ஓரமாக வைத்துவிடுங்கள். அருகில் அமர்ந்திருக்கும் ஜப்பானியர்களிலும் ஓரிருவர் அப்படித்தான் வைத்திருப்பார்கள்.